கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மா

மாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் அரக்கோணம் ரயில் நிலையத்தில் செங்கல்பட்டு வண்டி நிற்கிற நடைமேடைக்குப் போய்ப் பாருங்கள். பழைய புடவை மூட்டை, நாலைந்து மூங்கில் கழி, அலுமினியப் பானை, கால் கட்டிய கோழி, இடுப்பில் பிள்ளை என்று இருளர் குடும்பங்கள் குந்தியிருக்கும். தக்கோலம், காஞ்சிபுரம், வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு. அங்கிருந்து பஸ் பிடித்து மாமல்லபுரம். ஏரிக்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் குடிசை போட்டிருக்கிற இந்தச் சனம் வருடத்தில் ஒரு தடவை தங்களுக்காகவே கிளம்புகிற பயணம் இது. கன்னியம்மாவைப் பார்க்கப் போகிறார்கள்.

நாங்களும் சேரியில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். ஊரார் சாமி எது, தேர் எந்தத் தெருவில் திரும்பும், எந்தத் தெருவில் திரும்பாது என்பதெல்லாம் சின்ன வயதிலேயே தெரியும். பக்கத்து ஏரிக்கரையில் இருக்கிற இருளரின் சாமி எது என்று மட்டும் தெரியாமலே இருந்தோம். ஒடுக்கப்பட்ட மக்களின் ஒற்றுமை என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இது கொஞ்சம் வெட்கமான விஷயம். அந்த வெட்கத்தோடுதான் நாங்களும் வண்டி ஏறினோம்.

ராணிப்பேட்டை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், திருவண்ணாமலை என்று வடமாவட்ட இருளர்கள் எல்லாம் அன்று அந்த மணலுக்கு வந்துவிடுகிறார்கள். கழி நட்டுப் புடவையைச் சுற்றினால் வீடு. இரவெல்லாம் நிலா, அடுப்புப் புகை, சாமியாட்டம். விடியற்காலையில் தண்ணீர் ஓரமாக ஈர மணலில் ஏழு படி பிடிக்கிறார்கள். பூ, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், அகல். பூசாரி அவர்களுக்குள்ளேயே ஒருவர். அந்த மணலிலேயே பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து, பெண் பார்ப்பது, நிச்சயம், தாலி கட்டுவது எல்லாம். கல்யாண மண்டபம் கிடையாது, ஐயர் கிடையாது, முகூர்த்த ஓலை கிடையாது. கொஞ்ச நேரத்தில் அலை வந்து ஏழு படியையும் கொண்டுபோய்விடும். யாரும் அதற்காக வருத்தப்படுவதில்லை.

இந்தச் சடங்கின் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கன்னியம்மா தன் சனத்தின் மேல் கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுகிறாள். அவளைச் சமாதானப்படுத்தி வீட்டுக்குக் கூப்பிடத்தான் எல்லோரும் கடற்கரைக்கு வருகிறார்கள். ஆயாமார்கள் இதை ஏதோ சொந்த அக்காவைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார்கள். அவள் யாருக்கும் மனைவி இல்லை. அசுரனைக் கொன்றவள் என்ற பெருமையும் அவளுக்கு இல்லை. பிடிக்கவில்லையென்றால் எழுந்து போய்விடுகிறவள், அவ்வளவுதான்.

சிறிது தூரத்தில் இன்னொரு பெண்தெய்வம் கல்லில் இருக்கிறாள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் குடைந்த மகிடாசுரமர்த்தினி குகை. திரௌபதி ரதம் என்று நாம் சொல்லிப் பழகிவிட்ட, உண்மையில் கொற்றவைக்கான கோயில். அதன் உள்ளே, தன் தலையைத் தானே அரிந்து கொடுக்க முனைகிற வீரன் அவள் காலடியில் இருக்கிறான். சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் எயினர் கும்பிட்ட, வேட்டைக்காரர்களின் தெய்வம்தான் கொற்றவை. அரசன் அவளை எடுத்துக்கொண்டபோது அவளுக்கு ஆயுதமும் சிங்கமும் கிடைத்தன. கும்பிட்ட வேடன் வெளியே நின்றுவிட்டான். 1984 முதல் இந்தச் சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன, உள்ளே போகச் சீட்டு வாங்க வேண்டும். மணல் படிக்குச் சீட்டு இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அகநானூற்றில் கடற்கரையில் நிற்கும் பெண்தெய்வம் ஒருத்தி உவமையாக வருகிறாள். கப்பல் உடைந்தவர்களைக் காப்பாற்றும் மணிமேகலா தெய்வம் பௌத்தக் காப்பியத்துக்குப் பெயரே கொடுத்திருக்கிறாள். பண்டிதர் அயோத்திதாசரைப் படித்த நமக்கு உடனே கை துறுதுறுக்கும், அவளே இவள் என்று எழுத. ஆதாரம் இல்லாமல் அப்படி எழுத வேண்டாம். கன்னியம்மாவுக்கு இலக்கிய வம்சாவளி தேடிக் கொடுத்தால்தான் மதிப்பு வரும் என்று நினைப்பதே மேல்சாதிப் பழக்கம்.

கைக்குக் கிடைக்கிற பழைய பதிவு ஒன்று உண்டு. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்'. நம் முன்னோரின் மூக்கையும் மண்டையையும் அளந்து குறித்தவர் அவர். அந்த எரிச்சலோடுதான் படிக்க வேண்டும். ஆனாலும், இருளர்கள் ஏழு கன்னிமாரைக் கும்பிடுகிறார்கள், சிலை வைப்பதில்லை, செடியடியில் ஒரு மண் அகல்தான் தெய்வம் என்று எழுதி வைத்திருக்கிறார். நூறு வருடம் கழித்து நாங்கள் பார்த்ததும் அகல்தான். ஏழு பேருக்கு ஏழு படி.

அந்த நூறு வருடத்தில் மாறியது சாமி இல்லை, சனத்தின் பிழைப்பு. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காட்டில் தேன், கிழங்கு, விறகு எடுத்தவர்கள் காட்டுக்குள் திருடர்கள் ஆனார்கள். பிறகு பாம்புத்தோல். தோல் என்றதும் நமக்கு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையின் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும்தான் நினைவுக்கு வரும். சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்தவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். வெளிநாட்டுக் கைப்பைக்கும் செருப்புக்கும் போன பாம்புத்தோலின் பின்னால் இருந்த கை இருளருடையது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடை. பாம்பைக் காப்பாற்ற வேண்டியதுதான், அதில் சண்டை இல்லை. பாம்பு பிடித்தவனுக்கு மாற்று என்ன என்பதை மட்டும் அந்தச் சட்டம் எழுதியவர்கள் யாரும் யோசிக்கவில்லை. 1978-ல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. தோலை உரிக்காமல் நஞ்சை மட்டும் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடும் ஏற்பாடு. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த நஞ்சு போகிறது. 2023-ல் இருளர் இருவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. நல்லது. ஆனால் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 1.9 லட்சம் இருளர்கள் இருக்கிறார்கள். சங்கத்தில் இருப்பவர்கள் சில நூறு பேர்.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டும் வேலை. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய சில ஆயிரம் ரூபாய் முன்பணம், அதற்கு ஈடாகக் குடும்பமே உழைக்க வேண்டும், கணக்கு முதலாளியின் நோட்டில். 1976-ல்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு சட்டம் அவர்களைச் சூளைப் பக்கம் தள்ளிய அதே வருடம், இன்னொரு சட்டம் சூளையில் கட்டிப்போடக் கூடாது என்றது. 43 வருடம் கழித்து, 2019 ஜூலையில், நம் அரக்கோணத்துக்குப் பக்கத்து வட்டமான நெமிலியிலும் காஞ்சிபுரம் பக்கத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிடும் படம் நாடு முழுக்கப் போனது. எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்து உருகினார்கள். சட்டப்படி தனக்கு உரிய ஒன்றுக்காக ஒரு மனிதன் ஏன் காலில் விழ வேண்டியிருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

இப்போது அந்தக் கதையைத் திரும்பப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் எழுந்து போகிற தெய்வம். முன்பணம் வாங்கியவருக்கு இல்லாத ஒரே உரிமை அதுதான், எழுந்து போவது. தன் சனம் செய்யவே முடியாத ஒன்றைக் கன்னியம்மா செய்கிறாள். அவளைத் தேடிப் போக வேண்டும் என்பதால் அவர்களுக்கும் கேட்க ஒரு விடுப்பு கிடைக்கிறது. மாசி மகத்துக்கு விடு என்று கேட்கிற பெண்ணிடம், பிள்ளைகளை இங்கேயே விட்டுவிட்டுப் போ என்று சொல்கிற முதலாளிகள் உண்டு. அப்படிப் போனால் அவள் திரும்பி வந்துதானே ஆகவேண்டும். சூளைக்குச் சூளை சிதறிக் கிடக்கிற அண்ணன் தங்கைகள், இன்னார் எங்கே இருக்கிறார், இன்னாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அந்த மணலில்தான். ஒரு வருடச் செய்தி ஓரிரவில் கைமாறுகிறது. சங்கம் என்ற சொல் அவர்களிடம் வருவதற்கு முன்பே அந்தக் காரியம் அங்கே நடந்துகொண்டிருந்தது.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. மகாத் குளத்தில் 1927-ல் பாபாசாகேப் தண்ணீர் அள்ளிக் குடித்தது ஏன் போராட்டமாக வேண்டியிருந்தது என்று நமக்குத் தெரியும். கோயில் குளத்துக்குப் படி உண்டு, படிக்குக் காவல் உண்டு. கடலுக்குக் காவல் போட எந்தச் சாதியாலும் முடியவில்லை. அதே மாசி மகத்தன்று தலசயனப் பெருமாளும் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வருகிறார், தூக்கி வர ஆட்களோடு. கன்னியம்மாவை யாரும் தூக்கி வர வேண்டியதில்லை, அவள் ஏற்கெனவே அங்கே இருக்கிறாள். 2021 அக்டோபரில் அந்தப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் நரிக்குறவர் பெண் ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்ட காணொளி பரவியதும், பிறகு அமைச்சர் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டதும், தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பெண் கோபப்பட்டு வாய் திறந்து பேசியதால்தான் அந்தப் பட்டா வந்தது.

திரும்பி வரும்போது செங்கல்பட்டில் வண்டி தாமதம். நடைமேடையில் உட்கார்ந்து, யார் யாருக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தோம். நமக்கு வட்டாட்சியர் கையெழுத்துப் போதும். பழங்குடிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் போட வேண்டும். அதற்கு அப்பாவின் சான்று கேட்பார்கள், அப்பாவுக்கு இருந்ததே இல்லை. வாலாஜாபாத் வருவதற்குள் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. நடுவில் ஒரு பெண் வந்து, என் பெயரை எழுதுங்கள், ஊர் பெயர் மட்டும் வேண்டாம், மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும் என்றார். ஊர் இல்லாமல் மனு எடுக்க மாட்டார்கள் என்றோம். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தக்கோலத்தில் வண்டி நின்றபோது ஊர் பெயரைச் சொன்னார்.