லார்ஜ் ஃபார்மட் கேமராவில் கம்பியில்லா ஷட்டர் ரிலீஸ்

கம்பியில்லா ஷட்டர் ரிலீஸ் என்பது கேமராவைத் தொடாமல், தொலைவில் நின்றபடியே ஷட்டரை இயக்க உதவும் கருவி. டிஜிட்டல் கேமராவில் ஒரு மின்சைகையை அனுப்பினாலே வேலை முடிந்துவிடும். 4×5, 5×7, 8×10 அங்குல அளவுகளில் தாள் ஃபிலிமைப் பயன்படுத்தும் லார்ஜ் ஃபார்மட் கேமராவில் அது போதாது. இவ்வகைக் கேமராக்களில் பெரும்பாலும் மின்சாரமே கிடையாது. சுருள்வில்லும் பற்சக்கரங்களும்தான் ஷட்டரை இயக்குகின்றன. ஆகவே ரேடியோ அலையில் வரும் கட்டளையை, ஒரு சிறு ஊசியைச் சில மில்லிமீட்டர் தள்ளும் அசைவாக மாற்றித் தர வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் பொறியமைப்பே இக்கருவியின் உயிர்நாடி.

இக்கருவியால் படம் எடுக்கும் வேகம் கூடுவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கையால் செய்ய வேண்டிய வேலைகள் அப்படியே இருக்கும். கலைஞர் எங்கே நிற்கலாம் என்பதில்தான் அது சுதந்திரம் தருகிறது.

கேமராவும் ஷட்டரும்

லார்ஜ் ஃபார்மட் கேமராவின் முன்பக்கத்தில் லென்ஸ் பலகை, பின்பக்கத்தில் பிம்பம் விழும் கிரவுண்ட் கிளாஸ், இரண்டுக்கும் நடுவே துருத்தி. ஷட்டர் பெரும்பாலும் கேமராவின் உடலில் இருப்பதில்லை. லென்ஸின் முன், பின் கண்ணாடித் தொகுதிகளுக்கு இடையில் அமைந்திருக்கும். மெல்லிய உலோக இதழ்கள் விரிந்து மூடும் இந்த வகையை இதழ் ஷட்டர் என்பர். ஜப்பானின் கோபால், ஜெர்மனியின் காம்பூர், புரொன்டோர் ஆகியவை இதில் பெயர் பெற்றவை. கோபால் ஷட்டர்கள் 0, 1, 3 என மூன்று அளவுகளில் பரவலாகப் புழங்குகின்றன. இவற்றைப் பொருத்த லென்ஸ் பலகையில் முறையே 34.6, 41.6, 65 மி.மீ. விட்டமுள்ள துளை தேவை. உச்ச வேகம் கோபால் 0-இல் 1/500 நொடி, கோபால் 1-இல் 1/400 நொடி, கோபால் 3-இல் 1/125 நொடி.

ஒவ்வொரு படத்துக்கும் முன் ஷட்டரின் நெம்புகோலை இழுத்து வில்லை முறுக்கி வைக்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள சிறு துளையில் கேபிள் ரிலீஸைத் திருகிப் பொருத்தி, மறுமுனையில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் கம்பி நகர்ந்து ஷட்டரைத் தட்டிவிடும். கம்பியில்லாக் கருவிகளில் பெரும்பாலானவை இந்தக் கேபிள் ரிலீஸை நீக்குவதில்லை. அதை அழுத்தும் கட்டைவிரலின் வேலையை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

முன்னோடிகள்

தொலைவிலிருந்து ஷட்டரை இயக்கும் தேவை பழமையானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ நகரில் தயாரான பேக்கர்ட் ஷட்டர், ரப்பர் குமிழை அழுத்தும்போது குழாய் வழியே செல்லும் காற்றால் திறந்து மூடியது. ஸ்டுடியோக்களில் அது நெடுங்காலம் கோலோச்சியது. குமிழும் நீண்ட குழாயும் கொண்ட காற்று ரிலீஸ்களைக் கோபால் போன்ற ஷட்டர்களிலும் பொருத்தலாம். ஆறு மீட்டர் வரை நீளும் குழாய்கள் உண்டு. குழாய் நீள நீள, குமிழை அழுத்தும் கணத்துக்கும் ஷட்டர் திறக்கும் கணத்துக்கும் இடையே தாமதம் கூடும்.

மின்சாரத்தைப் பயன்படுத்திய முயற்சிகளில் புகைப்படக் கலைஞர் ஜார்ஜ் லாரன்ஸ் 1906-இல் செய்தது வியக்கத்தக்கது. நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்த சான் பிரான்சிஸ்கோ நகரை, வரிசையாகக் கட்டிய பட்டங்களில் தொங்கவிட்ட பெரிய பனோரமா கேமராவால் அவர் படமெடுத்தார். கேமராவின் எடை ஏறக்குறைய 22 கிலோ. பட்டத்தின் கம்பி வழியே அனுப்பிய மின்சாரத்தால் தரையிலிருந்தே ஷட்டர் இயக்கப்பட்டது.

அடுத்த பெரும் படி சொலினாய்டு எனப்படும் மின்காந்த உந்தி. பத்திரிகையாளர்கள் தூக்கித் திரிந்த 4×5 கிராஃபிளெக்ஸ் கேமராக்களில், ஃபிளாஷ் கைப்பிடியின் பேட்டரியால் இயங்கும் சொலினாய்டு ஷட்டரைத் தட்டியது. 1958-இல் வந்த சூப்பர் கிராஃபிக் மாடலில் மின் ரிலீஸ் கேமராவுக்குள்ளேயே அமைந்தது. இதே காலத்தில் புகைப்படக் கலைஞர் ஓ. வின்ஸ்டன் லிங்க், 1955 முதல் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வேயின் நீராவி எஞ்சின்களை 4×5 கேமராக்களால் இரவில் படமெடுத்தார். தண்டவாளத்தின் ஓரமாக நீண்ட மின்கம்பிகளை இழுத்து, பல ஃபிளாஷ் பல்புகளையும் கேமராவையும் ஒரே கணத்தில் இயங்கவைத்தார். எஞ்சின் சட்டத்துக்குள் வரும் அந்த ஒரு நொடி தவறினால் அன்றைய உழைப்பு முழுவதும் வீண். கம்பியில்லா ரிலீஸ் இன்று செய்வதை அன்றைய கலைஞர்கள் கம்பியாலும் காற்றாலும் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இயங்கும் விதம்

இன்று புழங்கும் அமைப்புகளில் மூன்று பகுதிகள் உண்டு: கையில் வைத்திருக்கும் டிரான்ஸ்மிட்டர், கேமராவின் அருகில் இருக்கும் ரிசீவர், கேபிள் ரிலீஸை அழுத்தும் உந்தி. கட்டளையை அனுப்ப அகச்சிவப்பு ஒளி, 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, புளூடூத் ஆகியவை பயன்படுகின்றன. அகச்சிவப்பு ஒளிக்கு நேர்ப்பார்வை வேண்டும், வெயிலில் தடுமாறும். ரேடியோவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பொம்மை விமானங்களை ஓட்டுவதற்கான 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் எளிதில் கிடைப்பதால், சொந்தமாகச் செய்துகொள்பவர்கள் அவற்றையே நாடுகிறார்கள்.

உந்திகளில் சர்வோ மோட்டாரும் சொலினாய்டும் முக்கியமானவை. சர்வோவுக்கு 20 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு போகும். அந்தத் துடிப்பு 1 முதல் 2 மில்லிநொடி வரை எவ்வளவு நீள்கிறதோ, அதற்கேற்ற கோணத்தில் சர்வோவின் கை நிற்கும். சாதாரண அளவுள்ள ஒரு சர்வோவின் முறுக்குவிசை சுமார் 3 கிலோ-செ.மீ. அச்சிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி அழுத்தினால் ஏறக்குறைய 3 கிலோ எடைக்குச் சமமான விசை கிடைக்கும். நல்ல நிலையில் உள்ள ஷட்டருக்கு இது தாராளம். சர்வோ 60 பாகை திரும்ப 0.2 நொடி அளவில் ஆகும் என்பதால் சிறு தாமதம் உண்டு.

சொலினாய்டு அதைவிட விரைவானது. ஆனால் அதன் விசை ஒரே சீராக இருக்காது. தண்டு வெளியே நிற்கும்போது குறைவாகவும், உள்ளே நெருங்க நெருங்க அதிகமாகவும் இருக்கும். அதனால் அது தள்ளுவதைவிட அடிப்பதே அதிகம். அந்த அடி லென்ஸ் பலகையை உலுக்கிவிடக்கூடும். ஒரு கணத்துக்குப் பெரும் மின்னோட்டத்தையும் கேட்கும். ஓடும் ரயிலுக்குச் சொலினாய்டு ஏற்றது. மெதுவான ஷட்டர் வேகங்களுக்குச் சர்வோவே மேல்.

ஃபிளாஷை இயக்கும் ரேடியோ டிரிகர்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை ஷட்டரின் சின்க் துளையில் செருகப்பட்டு, ஷட்டர் திறந்தபின் ஃபிளாஷைத் தூண்டுகின்றன. இயந்திர ஷட்டரைத் திறக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. இருட்டாக்கப்பட்ட அறையில் ஷட்டரை T (ஓர் அழுத்தத்தில் திறந்து மறு அழுத்தத்தில் மூடும்) நிலையில் திறந்து வைத்துவிட்டு, ரேடியோ டிரிகரால் ஃபிளாஷை மட்டும் அடித்து, பிறகு ஷட்டரை மூடுவது ஒரு நல்ல மாற்று வழி. கம்பியில்லா ஷட்டர் ரிலீஸே இல்லாமல் அதன் பலன் கிடைத்துவிடும்.

படமெடுக்கும் வரிசை

கருவியைப் பொருத்துவதைவிட வேலைகளின் வரிசையைக் காப்பது முக்கியம். முதலில் ஷட்டர் இதழ்களைத் திறந்து வைத்து, கருப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, கிரவுண்ட் கிளாஸில் ஃபோகஸ் செய்ய வேண்டும். பின் இதழ்களை மூடி, லென்ஸ் துளையின் அளவையும் ஷட்டர் வேகத்தையும் அமைக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் ரிசீவரின் மின்சாரத்தைப் போடுவது நல்லது. பல சர்வோக்கள் மின்சாரம் வந்தவுடன் ஒருமுறை துள்ளும். ஃபிலிமை ஒளியிலிருந்து மறைக்கும் டார்க் ஸ்லைடை உருவியபின் அந்தத் துள்ளல் நேர்ந்தால் ஒரு ஃபிலிம் வீணாகும். அது அடங்கியதைப் பார்த்த பிறகு ஷட்டரை முறுக்கி, ஃபிலிம் ஹோல்டரைச் செருகி, டார்க் ஸ்லைடை உருவி, வேண்டிய இடத்துக்கு நடக்கலாம். படம் எடுத்ததும் திரும்பி வந்து டார்க் ஸ்லைடைச் செருகும்வரை வேலை முடிந்ததாகாது.

ஒருமுறை முறுக்கினால் ஒரு படம் மட்டுமே என்பதால், தவறுதலாக இருமுறை பொத்தானை அழுத்தினாலும் கோபால் 0, 1, 3 ஷட்டர்கள் மறுபடி திறக்காது. முறுக்கத் தேவையில்லாத பிரஸ் வகை ஷட்டர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அவை திறக்கும்.

நீண்ட வெளிப்பாடுகளுக்கு B-ஐவிட T பொருத்தமானது. B-இல் படம் முடியும்வரை உந்தி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் ரேடியோ தொடர்பு அறுந்தால் ஷட்டர் மூடிவிடக்கூடும். T-இல் ஓர் அழுத்தம் திறக்கும், மறு அழுத்தம் மூடும். ஃபிலிமின் உணர்திறன் நீண்ட நேரத்தில் குறைவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு ஒளிமானி 10 நொடி காட்டினால், நிறுவனம் தரும் 1.26 என்ற அடுக்கின்படி ஏறக்குறைய 18 நொடி கொடுக்க வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர் வைத்துச் செய்த ரிசீவர் என்றால், இந்த நேரத்தை அதுவே எண்ணி ஷட்டரை மூடிவிடும்.

பயன்கள்

ஹோல்டரைச் செருகியதும் கிரவுண்ட் கிளாஸ் மறைந்துவிடும். அதன்பின் கேமரா வழியாக யாராலும் பார்க்க முடியாது. பின்னால் நிற்பதற்குக் காரணமும் இல்லை. 1979 முதல் 1984 வரை 8×10 டியர்டார்ஃப் கேமராவால் அமெரிக்க மேற்குப் பகுதி மக்களைப் படமெடுத்த ரிச்சர்ட் அவெடன், லென்ஸுக்குப் பக்கத்தில் நின்று, எதிரில் இருப்பவரோடு நேருக்கு நேராகப் பழகியே படமெடுத்தார். கம்பியில்லா ரிலீஸ் அந்த இடத்தை இன்னும் விரிவாக்குகிறது. குழந்தையின் அருகில் உட்காரலாம். முதியவரோடு பேசிக்கொண்டே சரியான கணத்தைப் பிடிக்கலாம்.

தன்னைத் தானே படமெடுப்பவருக்கு இது பெருந்துணை. அதில் சிக்கல் ஃபோகஸில்தான் வரும். 300 மி.மீ. லென்ஸோடு 8×10 கேமராவை இரண்டு மீட்டரில் வைத்து எஃப்/8-இல் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் வழக்கமான கணக்குப்படி 12 செ.மீ. அளவே. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோலை நிறுத்தி அதன்மேல் ஃபோகஸ் செய்து, லென்ஸிலிருந்து அந்த இடம்வரை ஒரு நூலை அளந்து வைத்துக்கொள்வது கைகண்ட முறை. கோலை எடுத்தபின் நூலின் நுனியைக் கண்ணருகே பிடித்து நின்று, நூலை நழுவவிட்டு, பொத்தானை அழுத்தினால் போதும்.

நிலக்காட்சியில், லென்ஸின் மேல் விழும் வெயிலைக் கையட்டையால் மறைத்தபடியோ, மழையில் குடை பிடித்தபடியோ படம் எடுக்கலாம். காற்றில் ஆடும் செடிக்கருகே நின்று, அது அசைவற்ற கணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டடங்களின் உட்புறத்தை எடுப்பவர், ஷட்டரைத் திறந்துவிட்டு அறை அறையாக விளக்கைப் போட்டு அணைத்து, பிறகு தொலைவிலிருந்தே மூடலாம்.

இடர்களும் காப்பும்

இதழ் ஷட்டரின் அதிர்வு மிகக் குறைவு. உந்தி அந்த நன்மையைக் கெடுத்துவிடக் கூடாது. அதை லென்ஸ் பலகையில் தொங்கவிடாமல் முக்காலியின் காலில் பொருத்தி, கேபிளைத் தளர்ந்த வளைவாக விட்டால் அதன் அசைவு லென்ஸை எட்டாது. உந்தியின் கை ஷட்டர் தட்டும் இடத்தைச் சற்றே தாண்டியதும் நிற்கும்படி அதன் எல்லையை அமைக்க வேண்டும். மிகையாக அழுத்தினால் கேபிள் வளையும், ஷட்டருக்கும் சேதம் வரும்.

இதழ் ஷட்டரின் ஒலி மெல்லியது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது இயங்கியதா என்பது தெரியாது. சின்க் துளையில் ஒரு சிறு ஃபிளாஷை இணைத்து, வெளிச்சம் படத்தில் விழாதபடி கேமராவுக்குப் பின்னால் மறைவாக வைத்து, கலைஞர் நிற்கும் இடத்திலிருந்து தெரியும்படி திருப்பினால், இதழ்கள் முழுதாக விரியும் கணத்தில் அது மின்னி உறுதி சொல்லும். குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும் என்பதால் சாதாரண கேபிள் ரிலீஸ் ஒன்றும் பையில் இருப்பது அவசியம்.

மதிப்பீடு

முக்காலிக்கு அருகிலேயே நின்று எடுக்கும் படங்களுக்கு அரை மீட்டர் கேபிள் ரிலீஸே சிறந்தது. அதற்குப் பேட்டரியும் வேண்டாம், பழுதும் அரிது. கலைஞர் கேமராவை விட்டு விலகியே ஆக வேண்டிய படங்களுக்குக் கம்பியில்லா ரிலீஸ் ஈடற்ற துணை. இதை முதன்முதலாகப் பொருத்துபவர், ஃபிலிம் இல்லாமல் கேமராவின் பின்புறத்தைத் திறந்து வைத்து, இதழ்கள் ஒவ்வொரு முறையும் தவறாமல் திறந்து மூடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே முதல் ஹோல்டரைச் செருக வேண்டும்.