முணுமுணுக்கும் பிள்ளையை அதட்டலாமா?

சின்னப் பிள்ளைகள் படம் கீறும்போதும் கணக்குச் செய்யும்போதும் தங்களுக்குத் தாங்களே பேசிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். "இது இங்க வராது... இனி சிவப்பு..." யாரிடமும் சொல்வதில்லை, பதிலும் எதிர்பார்ப்பதில்லை. வீட்டில் "என்ன தனியப் பேசுற?" என்று கேட்கிறோம். வகுப்பில் "வாய மூடிட்டுச் செய்" என்கிறோம்.

இந்த முணுமுணுப்பைப் பற்றி உளவியலில் ஒரு பெரிய விவாதமே நடந்திருக்கிறது.

ஜெனீவாவில் ரூசோ நிறுவகத்தில் பணியாற்றிய பியாஜே, ஆறு வயதுப் பையன்கள் இருவர் சுமார் ஒரு மாதம் பேசியதை எழுதியெடுத்து ஆராய்ந்தார். 1923இல் அது நூலாக வந்தது. அவர்கள் பேசியதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது யாரையும் நோக்கிய பேச்சு அல்ல. அதற்குத் "தன்மையப் பேச்சு" என்று பெயர் வைத்தார். மற்றவர் நிலையில் நின்று பார்க்க அந்த வயதில் இயலாது, ஏழெட்டு வயதில் இப்பேச்சு தானாக மறைந்துவிடும் என்பது அவர் முடிவு.

ரஷ்யாவின் வைகொட்ஸ்கிக்கு இது சரியாகப் படவில்லை. அவரும் ஆரம்பத்தில் நம்மைப் போல் பாடம் படிப்பித்தவர்தான். பிள்ளைகள் படம் கீறும் நேரத்தில் வேண்டுமென்றே தாளையோ வர்ணப் பென்சிலையோ இல்லாமற் செய்தார்கள். அப்போது தன்மையப் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கானது! ட்ராம் வண்டி கீறிய ஒரு பையனின் பென்சில் உடைந்தது. "உடைஞ்சி போச்சி" என்று முணுமுணுத்தவன், வர்ணத்தை எடுத்து உடைந்த ட்ராம் ஒன்றையே வரைந்து முடித்தான். அவன் வாயில் வந்த சொல், அடுத்து என்ன செய்வது என்று அவனுக்கே வழிகாட்டியது.

இன்னொரு சோதனையில், தன் மொழி தெரியாத பிள்ளைகளோடு இருக்கவிட்டபோது அந்தப் பேச்சு வெகுவாகக் குறைந்தது. பிறர் கேட்பது ஒரு பொருட்டே இல்லையென்றால் அது ஏன் குறைய வேண்டும்?

வைகொட்ஸ்கி சொன்னது இதுதான்: பேச்சு முதலில் மற்றவர்களிடமிருந்து வருகிறது. பிறகு பிள்ளை அதைத் தனக்கே சத்தமாகச் சொல்கிறது. கடைசியில் அது உள்ளே போய்ச் சிந்தனையாகிறது. முணுமுணுப்பு மறைவதில்லை, உள்ளே இறங்குகிறது.

1934இல், 37 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோனது. "சிந்தனையும் மொழியும்" அதே ஆண்டில், அவர் இறந்த பின்னரே வெளிவந்தது. சோவியத் அரசியலால் ஒதுக்கப்பட்ட அந்த நூல் 1956இல்தான் அங்கு மீண்டும் அச்சேறியது. 1962இல் ஆங்கிலத்தில் வந்தபோது பியாஜே அதற்குக் கருத்துரை எழுதி, அவருடைய சில விமர்சனங்களை ஏற்றுக்கொண்டார். அதைக் கேட்க வைகொட்ஸ்கி இல்லை.

பெற்றோர்களே, பக்கத்திலிருப்பவரைக் குழப்பும் சத்தம் வேறு. கஷ்டமான கணக்கின் முன்னே வாய்க்குள் பேசும் பிள்ளையை விட்டுவிடுங்கள். முடிந்தால் காது கொடுத்துக் கேளுங்கள், எங்கே சிக்குகிறான் என்பது அதிலேயே தெரியும்.

இன்னொன்று. நாம் சொல்வதைத்தான் பிள்ளை பின்னர் தனக்குள் சொல்லிக்கொள்கிறது. "உனக்கு இது வராது" என்று தினமும் சொன்னால், நாளை பரீட்சை மண்டபத்தில் நாம் பக்கத்தில் இல்லாதபோதும் அதையே கேட்டுக்கொண்டிருக்கும். "மெதுவா, முதல்ல எத எடுக்கணும்?" என்று கேட்டுப் பழக்கினால் அதுவும் அப்படித்தான் கூடவே போகும்.