சோழமண்டலம் ஓவியர் கிராமம்

சோழமண்டலம் ஓவியர் கிராமம், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த கலைஞர் குடியிருப்பு. ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) தலைமையில் 1966-இல் தொடங்கியது. சென்னைக் கலை இயக்கத்தின் ஓவியங்களும் சிற்பங்களும் இங்குள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

பின்னணி

அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி, முதலில் கைத்தொழில் பயிற்சிக்கே முதலிடம் தந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வரான பின் ஓவியமும் சிற்பமும் அங்கு வலுப்பெற்றன. அவரை அடுத்து 1957 முதல் 1967 வரை பணிக்கர் முதல்வராக இருந்தார். அக்காலச் சென்னையில் நவீன ஓவியங்களை விலை கொடுத்து வாங்குவோர் மிகக் குறைவு. படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்காக வேறு வேலை தேடினர். பலருக்குத் தூரிகை எடுக்கவே நேரமில்லாமல் போயிற்று.

நிலமும் நிதியும்

இந்நிலையை மாற்ற 1963-இல் கலைஞர் கைவினைச் சங்கம் உருவானது. உறுப்பினர்கள் பாட்டிக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அந்த வருவாயைக் கொண்டே ஏறத்தாழ பத்து ஏக்கர் கடற்கரை நிலம் வாங்கப்பட்டது. மனைகளைப் பிரித்துக்கொண்டு வீடுகளையும் பட்டறைகளையும் கட்டினர். கைவினை வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டதால், வாங்குவோரின் விருப்பத்துக்கு வளையாமல் ஓவியம் தீட்ட முடிந்தது. தொடக்கக் காலத்திலேயே திறந்தவெளி அரங்கும் அமைந்தது.

கலைஞர்கள்

ஜே. சுல்தான் அலி, கே. ராமானுஜம், எம். சேனாதிபதி, எஸ். ஜி. வாசுதேவ், பி. கோபிநாத், வி. விஸ்வநாதன், சிற்பிகள் எஸ். நந்தகோபால், பி. எஸ். நந்தன் ஆகியோர் இக்கிராமத்தோடு இணைந்தவர்களில் சிலர். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில் எழுத்துருக்களும் சோதிடக் கட்டங்களை ஒத்த வடிவங்களும் இடம்பெறுகின்றன. ராமானுஜம் மையால் வரைந்த நுணுக்கமான கனவுலகக் காட்சிகளுக்காக அறியப்படுகிறார். நந்தகோபால் உலோகத் தகடுகளையும் கம்பிகளையும் பற்றவைத்து, முன்பக்கத்திலிருந்து பார்ப்பதற்குரிய சிற்பங்களைச் செய்தார். கோடும் குறியீடும் நாட்டார் மரபும் கலந்த இப்போக்கே சென்னைக் கலை இயக்கத்தின் அடையாளம் எனப்படுகிறது.

சேகரிப்பும் கலை மையமும்

2009-இல் சோழமண்டலம் சமகாலக் கலை மையம் திறக்கப்பட்டது. இதிலுள்ள சென்னைக் கலை இயக்க அருங்காட்சியகத்தில் இயக்கத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒருசேரக் காணலாம். மாறும் கண்காட்சிகளுக்குத் தனிக் கூடங்களும், இந்திய, வெளிநாட்டுச் சிற்பிகளின் படைப்புகள் நிற்கும் சிற்பத் தோட்டமும் உள்ளன.

இன்றைய நிலை

தொடங்கியபோது சவுக்குத் தோப்பும் மணலுமாக இருந்த சுற்றுப்புறம் இன்று நகரின் நெருக்கமான பகுதியாகிவிட்டது. நிறுவிய தலைமுறையில் பலர் மறைந்துவிட்டனர். நிலம் கலைஞர்களின் சொந்த உழைப்பில் வாங்கப்பட்டது என்பதே, இந்தியக் கலைஞர் குடியிருப்புகளிடையே இதற்குத் தனியிடம் தருகிறது.