யேட்டுவும் நம்ம பாட்டிமாரும்

ரிவர்ஸ் சொலமன் எழுதி 2019இல் வெளிவந்த 'த டீப்' நாவலைக் கூட்டாக வாசித்தோம். அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கர்ப்பிணி ஆபிரிக்கப் பெண்களின் பிள்ளைகள் தண்ணீருக்குள்ளேயே பிறந்து, வஜின்ரு என்ற இனமாகப் பெருகுகிறார்கள். நடந்த கொடுமையை நினைத்துக்கொண்டே வாழ ஏலாது என்று, அவ்வளவு நினைவையும் யேட்டு என்ற ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் மறந்து வாழ்கிறார்கள். அந்தப் பாரம் அவளைக் கொல்லப் பார்க்கிறது.

கற்பனைதான். ஆனால் 1781இல் 'சோங்' என்ற கப்பலில் இருந்து 130க்கும் அதிகமான ஆபிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளிவிட்டு, முதலாளிமார் காப்புறுதிப் பணம் கேட்டு வழக்காடியது வரலாறு.

வாசித்து முடித்ததும் நாங்கள் கதைத்தது நம்ம கடலைப் பற்றி. 1864இல் 'ஆதிலட்சுமி' என்ற கப்பல் 120 தொழிலாளர்களோடு மூழ்கியது. கரை சேர்ந்தவர்களும் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். கங்காணியிடம் கடன்பட்டு வந்தவர்களையும் சங்கிலியில் கட்டி இழுத்து வரப்பட்டவர்களையும் ஒன்றாக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் செத்தவர்களுக்குக் கல்லறை இல்லை என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அதே கடலை நம்ம சனம் திரும்பவும் கடந்தது. 1948இல் குடியுரிமை போனது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர்.

இதையெல்லாம் இப்போது யார் சுமக்கிறார்கள்? பெரும்பாலும் லயத்து வாசலில் வெற்றிலை இடிக்கிற ஒரு பாட்டி. அவர்தான் நம்ம யேட்டு. நாங்களோ கண்டி டவுனில் யாராவது "எந்த இடம்?" என்று கேட்டால், தெல்தோட்டையையும் கலஹாவையும் விழுங்கிவிட்டு "கண்டி" என்கிறோம். தோட்டத்தின் பெயர் வாயில் வருவதே இல்லை. மறதி என்று சொல்ல முடியாது, வெட்கம்தான். அந்த வெட்கமும் பரம்பரையாக வந்ததுதான்.

நாவலில் யேட்டு தாங்க முடியாமல் ஓடிப்போகிறாள். கடைசியில் நினைவை எல்லோரும் சேர்ந்து சுமக்கிறார்கள். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வருகிறது. 2023இல் 'மலையகம் 200' நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை வந்தபோது நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு கிழவியின் நினைவு, கொஞ்ச நாளைக்காவது ஆயிரம் கால்களுக்குப் போனது.

ஆனால் வருசத்துக்கு ஒரு நடை போதாது. இந்த லீவுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் பாட்டியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அக்கரையில் எந்த ஊர்? வழியில் யாரை விட்டுவிட்டு வந்தோம்? கோச்சியில் யார் போனார்கள்? பதிலை எழுதி வையுங்கள். அவர் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். இத்தனை வருசம் தனியாகச் சுமந்தவர் அவர்.