டால்மேஷன் நாயும் தத்தெடுப்பும்

டால்மேஷன் என்பது வெள்ளை உடலில் கறுப்பு அல்லது ஈரல் நிறப் புள்ளிகள் கொண்ட நாயினம். குதிரை வண்டியோடு மைல்கணக்கில் ஓடுவதற்காக வளர்க்கப்பட்ட இந்த நாய், இன்று பெரும்பாலும் அதன் புள்ளிகளுக்காகவே வாங்கப்படுகிறது. வாங்கியவர்களுக்கு அதன் வேகம் பிறகுதான் தெரியவருகிறது. இதனால் பல நாடுகளில் விலங்குக் காப்பகங்களுக்கு அதிகமாக வந்து சேர்ந்த இனங்களுள் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டின் விலங்கு மீட்பு இயக்கம் தெருநாய்களைக் காக்கத் தோன்றியது. காலப்போக்கில் கைவிடப்பட்ட இன நாய்களுக்கும் அதுவே புகலிடமானது.

தோற்றம்

இனத்தின் பெயர் ஏட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியாவைக் குறிக்கிறது. பன்னாட்டு நாய்க் கூட்டமைப்பு குரோவேசியாவையே இதன் தாயகமாக ஏற்கிறது. ஆயினும் தொடக்கம் குறித்த விவாதம் முழுதும் அடங்கவில்லை. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் இத்தகைய புள்ளி நாயை ‘வங்காளத்து வேட்டை நாய்’ என்ற பொருள்படும் பெயரால் குறித்தார். இதை வைத்து இந்த இனம் இந்தியாவிலிருந்து சென்றது என்று சிலர் எழுதியதுண்டு. பெயரைத் தவிர அதற்கு வலுவான சான்று கிடையாது. தொலைவிலிருந்து வந்த அழகான பொருளுக்கெல்லாம் வங்காளம் என்று பெயர் சூட்டுவது அக்கால ஐரோப்பாவில் புதிதல்ல.

1790இல் தாமஸ் பியூயிக் வெளியிட்ட நாற்கால் விலங்குகள் பற்றிய நூலில் ‘டால்மேஷன் அல்லது கோச்சு நாய்’ என்று இந்த நாய் படத்துடன் இடம்பெற்றது. 1890இல் இங்கிலாந்தில் இந்த இனத்துக்கெனத் தனிச் சங்கம் உருவானது.

வண்டி நாய்

மாட்டு வண்டியின் அச்சுக்கடியில், நிழலுக்காக ஒண்டி நடந்து வரும் நாயைத் தமிழ்நாட்டுக் கிராமச் சாலைகளில் கண்டவர்கள் உண்டு. அந்த நாய் தன் விருப்பத்துக்கு வருகிறது. ஐரோப்பாவில் டால்மேஷனுக்கு அதுவே தொழில். செல்வந்தரின் கோச்சு வண்டிக்குப் பக்கத்திலோ, பின் அச்சுக்குக் கீழேயோ, குதிரைகளின் குளம்புக்கு மிக நெருக்கத்தில் ஓட வேண்டும். சாலையில் எதிர்ப்படும் பிற நாய்களைக் குதிரைகளின் பக்கம் அண்டவிடக் கூடாது. வண்டி நின்றதும் மூட்டைகளுக்கும் இரவில் லாயத்துக்கும் காவல். குதிரைகளோடு இந்த நாய் எளிதில் ஒட்டிக்கொண்டது. புள்ளிகள் வண்டிக்கு ஓர் அலங்காரம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

அமெரிக்காவில் குதிரைகள் இழுத்த தீயணைப்பு வண்டிகளுக்கு முன்னே ஓடி வழி விலக்கும் வேலை இதற்குக் கிடைத்தது. நியூயார்க் தீயணைப்புத் துறை 1922இல் தன் கடைசிக் குதிரைகளுக்கு ஓய்வு கொடுத்தது. மோட்டார் வண்டி வந்த பிறகு டால்மேஷன் நிலையத்தின் சின்னமாக மட்டும் நீடித்தது.

தொழில் போனாலும் உடல் மாறவில்லை. நாளெல்லாம் ஓடுவதற்கென்று பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்த கால்களும் நுரையீரலும் அப்படியே இருக்கின்றன. அடுக்குமாடி வீட்டில் காலையும் மாலையும் பத்து நிமிடம் நடத்திச் செல்லப்படும் டால்மேஷன், சோபாவைக் கிழிப்பதும் கதவைப் பிறாண்டுவதும் ‘குணக்கேடு’ என்று புகாராகின்றன. அந்த நாய்க்கு வேலை இல்லை என்பதே உண்மை.

திரைப்படமும் மோகமும்

டோடி ஸ்மித் எழுதிய ‘நூற்றொரு டால்மேஷன்கள்’ என்ற சிறுவர் நாவல் 1956இல் வெளிவந்தது. 1961இல் டிஸ்னி நிறுவனம் அதை வரைபடத் திரைப்படமாக்கியது. 1996இல் உண்மையான நாய்களை நடிக்க வைத்து மறுபடியும் எடுத்தது. 1996ஆம் ஆண்டுப் படமே டால்மேஷன் மோகத்தைக் கிளப்பிக் காப்பகங்களை நிரப்பியது என்பது பரவலான நம்பிக்கை.

அமெரிக்கப் பதிவுக் கணக்குகள் சற்று வேறு கதை சொல்கின்றன. உளவியலாளர் ஹால் ஹெர்சாக் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழைய படம் 1985இல் திரையரங்குகளுக்கு மறுபடி வந்த பின் எட்டு ஆண்டுகளில் ஆண்டுப் பதிவு எட்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து 42,000க்கு மேல் உயர்ந்தது. புதிய படம் வருவதற்கு முன்பே மோகம் தணியத் தொடங்கிவிட்டது. பின்னர் எண்ணிக்கை செங்குத்தாகச் சரிந்தது. அதாவது, 1996இல் விலங்கு நல அமைப்புகள் ‘படம் பார்த்து நாய் வாங்காதீர்கள்’ என்று எச்சரித்தபோது, முந்தைய அலையில் வாங்கப்பட்ட நாய்கள் ஏற்கெனவே வளர்ந்து வீட்டாரைத் திணறடித்துக்கொண்டிருந்தன. குட்டியாக வாங்கிய நாய் ஓராண்டில் முழு வலுவடைகிறது. கைவிடல் பெரும்பாலும் அப்போது நிகழ்கிறது. படத்துக்கும் காப்பகத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை மறந்துவிட்டால் மோகத்தின் விலை யார் தலையில் விழுகிறது என்பது தெரியாமல் போகும்.

இந்தியாவிலும் விளம்பரம் நாயினத்தின் தலைவிதியை மாற்றியதுண்டு. 2003இல் ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவனைப் பின்தொடர்ந்த பக் நாய், அந்த இனத்துக்கு நாடெங்கும் தேவையை உருவாக்கியது.

வெள்ளை நிறமும் காது கேளாமையும்

டால்மேஷன் குட்டிகள் பிறக்கும்போது ஏறத்தாழ முழு வெள்ளை. இரண்டு வாரம் அளவில் புள்ளிகள் தெளிவாகத் தோன்றத் தொடங்குகின்றன. இந்த வெண்மைக்கு ஒரு விலை உண்டு. நிறமி செல்கள் தோலுக்கு மட்டுமல்ல, உட்செவி இயங்கவும் தேவைப்படுகின்றன. அவை உட்செவிக்குப் போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பு முனைகள் அழிந்துபோகின்றன. அமெரிக்க டால்மேஷன்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 நாய்களுக்கு இரு காதும், 22 நாய்களுக்கு ஒரு காதும் கேட்பதில்லை என்று அங்கு நடந்த பரிசோதனைகள் காட்டின. நீலக் கண் உடையவற்றில் இது கூடுதல்.

இரு காதும் கேளாத குட்டிகளை வலியின்றிக் கொன்றுவிடுவதே முறை என்பது அமெரிக்க டால்மேஷன் சங்கத்தின் நீண்டகால நிலைப்பாடாக இருந்தது. காது கேளாத நாய் திடுக்கிட்டுக் கடிக்கும், வண்டியில் அடிபடும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். கைச்சைகை, தரையில் காலைத் தட்டி அதிர்வு உண்டாக்குதல், கைவிளக்கு ஒளி ஆகியவற்றால் அத்தகைய நாய்களைப் பழக்கி வளர்த்தவர்கள் இந்த வாதத்தை மறுத்துவருகின்றனர்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது அயலூர்ச் செய்தி அல்ல. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நாய் தூய வெண்மைக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும் பேர்போனது. கலப்பில்லாத வெள்ளையே உயர்ந்தது என்று தெரிந்தெடுத்து இனம் பெருக்கியதில், அந்த இனத்திலும் பிறவிச் செவிடு மிகுந்தது. அஞ்சல் துறை 2005இல் வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு. கேளாத குட்டிகளின் கதி அந்தப் பெருமைப் பேச்சில் வருவதில்லை.

தமிழ்நாட்டில் மீட்பு இயக்கம்

இந்திய விலங்கு நலச் சட்டத்துக்கும் சென்னைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவர் அவரே. வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையிலிருந்து இயங்கியது.

1959இல் விமானி கேப்டன் வி. சுந்தரமும், அவர் மனைவியும் விமானியுமான உஷா சுந்தரமும் சென்னையில் தம் வீட்டிலேயே ஆதரவற்ற விலங்குகளைப் பராமரிக்கத் தொடங்கினர். அது 1964இல் இந்திய நீலச் சிலுவை (புளூ கிராஸ்) என்ற அமைப்பாகப் பதிவானது. அவர்களுடைய மகன் சின்னி கிருஷ்ணாவின் பதிவுகளின்படி, சென்னை மாநகராட்சி 1860 முதலே தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. கொல்லப்பட்ட நாய்களின் எண்ணிக்கை எவ்வளவு பெருகியதென்றால், அவற்றின் தோலிலிருந்து கழுத்துப் பட்டையும் பணப்பையும் செய்யும் முயற்சிகூட 1970களில் நடந்தது. இத்தனை கொன்றும் நாய்களின் தொகையோ வெறிநாய்க்கடியோ குறையவில்லை. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் திட்டத்தை நீலச் சிலுவை 1964 முதல் வலியுறுத்தியது. மாநகராட்சி அதை ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1996இல் சென்னையில் நடைமுறைக்கு வந்த அந்த வழி, 2001இல் நாடு முழுமைக்குமான விதியானது. 2023இல் புதிய விதிகள் வந்தன.

தெருநாய்க்கென்று கட்டிய கூண்டுகளில் இன நாய்களும் வந்து சேர்ந்தது இந்த வரலாற்றின் எதிர்பாராத பக்கம். தெருநாய்க்குத் தன் தெரு தெரியும். எந்தக் கடையில் எப்போது சோறு கிடைக்கும், எந்த நாயிடம் பணிய வேண்டும் என்பது தெரியும். வீட்டில் வளர்ந்த டால்மேஷனை வண்டியில் ஏற்றிப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டால் அதற்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. சட்டப்படி இது குற்றம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, பசிதாகத்தால் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. முதல் முறைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 1960இல் அது ஒரு தொகை.

நாய் வளர்ப்பு வணிகத்துக்கு 2017இல் தனி விதிகள் வந்தன. இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. விதி இருந்தும், பதிவில்லாத விற்பனை இணையம் வழியே நடந்துவருகிறது. காப்பகங்களில் இன்னொரு முரணும் உண்டு: இன நாய் வந்ததும் கேட்டு வருவோர் அதிகம், பக்கத்துக் கூண்டில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நாட்டு நாயை ஏறெடுத்துப் பார்ப்போர் குறைவு. ஆகவே கேட்டவுடன் நாயைக் கொடுத்துவிடாமல், வீட்டு இடம், ஆள் இருக்கும் நேரம், முன்னர் நாய் வளர்த்த அனுபவம் ஆகியவற்றைக் காப்பகத்தார் விசாரிக்கின்றனர். இது சிலருக்கு எரிச்சலூட்டினாலும் தேவையானதே. ஒருமுறை கைவிடப்பட்ட நாயை இரண்டாம் முறையும் திருப்பி அனுப்புவது முதல் முறையைவிடக் கொடுமை.

போடி மலையடிவாரச் சூழல்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் வழியில் உள்ள ராசிங்காபுரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் கிராமம். மேலே கேரள எல்லையை ஒட்டி ஏலத்தோட்டங்கள். நாள்தோறும் விடியலில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டு வழியே ஏறுகின்றன. தேவாரம், பண்ணைப்புரம் தாண்டினால் கோம்பை. செம்பழுப்பு உடலும் கரிய முகவாயும் கொண்ட கோம்பை நாய் இந்த ஊரின் பெயராலேயே அறியப்படுகிறது. வேட்டைக்கும் காவலுக்கும் உருவான அந்த இனமும் அருகிப்போக, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றோடு தமிழக நாட்டினமாகக் காக்கப்பட வேண்டிய நிலைக்கு வந்தது. ஆக, வேலை இழந்த நாய் என்ற வகையில் டால்மேஷனுக்கு இங்கே ஓர் உறவினர் இருக்கிறது.

இத்தகைய ஊரில் மீட்கப்பட்ட டால்மேஷனை வளர்க்க முனைவோருக்கு நகரத்தாருக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு: ஓட இடம். ஆனால் அடிவாரத்து வெளி என்பது வேலியில்லாத மைதானம் அல்ல. காட்டோரம் அவிழ்த்துவிட்ட நாய் மானையும் முயலையும் துரத்தும். சிறுத்தைக்கு அது இரை. ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்துத் தெளிப்பு மிகுதி என்பதால், தெளித்த செடிகளுக்கிடையே புகுந்துவந்த நாய் தன் உடலை நக்கும்போது நஞ்சு உள்ளே போகலாம். குட்டை முடியின் கீழ் வெளிறிய தோல் வெயிலில் எளிதில் வெந்துபோகும். விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் நீண்ட கயிற்றில் ஓட்டுவதே தக்கது. உண்ணி பார்ப்பது மழைக்காலத்தில் அன்றாட வேலை.

உணவில் டால்மேஷனுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. மற்ற நாய்களின் உடலில் யூரிக் அமிலம் எளிதில் கரையும் வேறு பொருளாக மாறி வெளியேறும். டால்மேஷனில் அந்த மாற்றம் போதிய அளவு நடப்பதில்லை; யூரிக் அமிலமே சிறுநீரில் மிகுந்து கல்லாகப் படியும். ஆண் நாய்க்குக் கல் அடைத்துச் சிறுநீர் நின்றுபோனால் அது உயிருக்கு ஆபத்து. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதற்குக் காரணமான மரபணு 2008இல் அடையாளம் காணப்பட்டது. அதற்கு வெகு முன்பே, 1973இல், அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் ஒரு பாயிண்டர் நாயோடு டால்மேஷனை ஒருமுறை கலந்து, அதன் வழிவந்தவற்றைத் திரும்பத் திரும்ப டால்மேஷனோடேயே சேர்த்து, இக்குறை இல்லாத கால்வழியை உருவாக்கினார். இரத்தத் தூய்மை பேசியவர்கள் எதிர்த்ததால் அமெரிக்க நாய்ச் சங்கம் அதை ஏற்க 2011 வரை ஆயிற்று. இந்தியக் காப்பகத்தில் கிடைக்கும் நாய் எந்தக் கால்வழி என்று சொல்ல வழியிராது. ஆகவே ஈரல், குடல், நெத்திலிக் கருவாடு, மத்தி மீன் ஆகியவற்றைத் தவிர்த்து, சோறு, முட்டை, காய்கறி கொடுப்பது பாதுகாப்பானது. கறிக்கடையில் இலவசமாகக் கிடைக்கும் கழிவை நாய்க்கு வாங்கிப் போடும் வழக்கம் இந்த ஒரு நாய்க்கு மட்டும் ஆகாது. வீட்டின் எந்த மூலையிலும் தண்ணீர்ச் சட்டி வற்றியிருக்கக் கூடாது. கோடையில் சோற்றிலேயே தண்ணீர் ஊற்றிப் பிசைந்து வைப்பது நல்லது.