கிருமிக்கும் ஒரு பகைவன்

புதுப்பட்டினத்துக் கடல்நீரின் ஒரு துளியில் இலட்சக்கணக்கான வைரஸ்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை மனிதரைத் தீண்டா, பாக்டீரியாக்களையே அழிப்பன.

இவற்றின் கதை ஆற்றுநீரில் தொடங்குகிறது. 1896-ஆம் ஆண்டில், ஆக்ராவிலிருந்த ஹான்கின் என்பார், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் மடிவதையும், காய்ச்சிய நீரில் மடியாதிருப்பதையும் எழுதிவைத்தார். காரணம் அன்று விளங்கவில்லை. 1917-இல் பாரிஸில் டெரெல் என்பார் கிருமிகளை அழிக்கும் வைரஸுக்குப் 'பாக்டீரியோபேஜ்' எனப் பெயரிட்டார். ஹான்கின் கண்டதும் இதன் செயலாகலாம் எனப் பின்னோர் கருதினர்.

டி-4 என்னும் பேஜ், ஈ.கோலிக் கிருமியை வாலிழைகளாற் பற்றி, உறையைத் துளைத்து, தன் மரபுப்பொருளை உட்செலுத்தும். ஏறத்தாழ அரைமணியில் நூற்றுக்கு மேற்பட்ட சேய்கள் தோன்ற, கிருமி வெடித்துச் சிதறும்.

மருந்துக்கு அடங்காக் கிருமிகள் பெருகிவரும் இந்நாளில், இப்பகைவனையே துணைக்கு அழைக்கின்றனர் மருத்துவர். காரணம் அறியாவிடினும் கண்டதைக் கண்டவாறே குறித்தல் அறிவியலின் முதற்கடன் அன்றோ?