ஈயத்துக்காகப் பிறந்த பாதை

சிரம்பானுக்கு ரயில் கோலாலம்பூரிலிருந்து வரவில்லை, கடற்கரையிலிருந்து வந்தது. 1891-இல் போர்ட்டிக்சனுக்கும் சிரம்பானுக்கும் இடையே ஓடத் தொடங்கிய சுங்கை ஊஜோங் ரயில், தனியார் கம்பெனி ஒன்று போட்டது. நீளம் 24 மைலுக்குச் சற்று அதிகம். மலாயாவின் முதல் ரயில், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடி அப்போது ஆறு வருடம்தான் ஆகியிருந்தது.

ஈயம்தான் காரணம். அதுவரை சிரம்பான் பக்கத்து ஈயம் லிங்கி ஆற்றில் படகேறித்தான் கடலுக்குப் போனது. ஆற்றங்கரை யார் கையில் இருந்ததோ அவர் வரி வாங்கினார். அந்த வரிக்காக அடிதடியும் ஓயவில்லை. தண்டவாளம் வந்ததும் ஆற்றின் வேலை முடிந்தது.

1903-இல் பிறையிலிருந்து இறங்கிவந்த அரசாங்கப் பாதை சிரம்பானைத் தொட்டது. 1908-இல் கம்பெனியின் பாதையையும் அரசாங்கமே வாங்கிக்கொண்டது. அதற்குள் நெகிரி செம்பிலானில் காட்டை அழித்துப் பால்மரம் நட ஆரம்பித்திருந்தார்கள். ஈயத்துக்காகப் பிறந்த பாதை, ரப்பருக்கு வாழ்க்கைப்பட்டது. 1909-இல் ஜொகூர் பாரு வரை ரயில் போனது. மறுவருடம் கிம்மாஸிலிருந்து பாகாவுக்கு ஒரு கிளை. பகாங் காட்டுக்குள் புகுந்து, கிளந்தானின் தும்பாட்டில் சீனக்கடலோரம் அது போய் நிற்க 1931 ஆகிவிட்டது.

இந்தப் பாதைகளில் இரண்டு வகைத் தமிழர் வேலை பார்த்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் நிறைய. கட்டையும் ஜல்லியும் சுமந்து, வெயிலில் பாதையைப் பழுதுபார்த்த கேங்க் ஆட்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்கள். தோட்டத்து லயத்தில் இருந்தவர்களும் அதே ஊர்களிலிருந்து வந்த சனம்தான். பால்மரம் வெட்டியவர் கையும் தண்டவாளம் தூக்கியவர் கையும் ஒரே குடும்பத்துக் கைகளாக இருந்திருக்கக்கூடும். பொறியாளர்களுக்கு இருக்கும் ஏடு இவர்களுக்கு இல்லை என்பது என்னால் எளிதில் கடந்துபோக முடியாத விஷயம்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் பாதை அவனுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. அதற்காக கிம்மாஸ்–தும்பாட் கிழக்குக்கரைப் பாதையின் பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்தான். தம்பின்–மலாக்கா கிளையை முழுசாகவே பிடுங்கிக்கொண்டான். தண்டவாளத்தை மட்டும் கொண்டுபோயிருந்தால் இரும்பு நஷ்டம் என்று எழுதிவிடலாம். தோட்டங்களிலிருந்து ஆட்களையும் கொண்டுபோனான். நல்ல கூலி, கொஞ்ச காலத்து வேலை என்று ஆசை காட்டிச் சிலரை. பிடித்து லாரியில் ஏற்றிப் பலரை. பாதை போட்ட சனத்தின் பிள்ளைகள் இன்னொரு பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். 1943 அக்டோபரில் சயாம் பாதை இணைந்தபோது, காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களில் பல்லாயிரம் பேரைத் தின்றிருந்தன. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கல்லும் இல்லை.

போருக்குப் பின் கிழக்குக்கரைப் பாதையை மீண்டும் போட்டார்கள்; கிம்மாஸிலிருந்து தும்பாட்டுக்கு மறுபடியும் ரயில் ஓடியது. தம்பின்–மலாக்கா கிளையைத் திரும்பப் போடவே இல்லை.